மெடல் வீட்டுக் கம்பு

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது பல் டாக்டர் ஒரு லாரியை முந்தப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருடைய வாயைக் கை நடுங்காமல் திறந்து பார்க்கிற மனிதர் அவர். ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும், தன் நாற்காலியில் வந்து படுத்த நோயாளி மாதிரி அவரே வாயைப் பிளந்துகொள்வார். பக்கத்து இருக்கையில் இருந்தவன் தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மெல்ல அழுத்தினான். வண்டி நின்றது. லாரி தன் பாட்டுக்குப் போனது.

"பயப்படாதீங்க டாக்டர். அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றான். முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற வாக்கியம். அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற தொழில் அவனுடையது. டிரைவிங் ஸ்கூல் என்று பலகையில் எழுதியிருக்கும்.

தெருவில் அவனுக்குப் பெயர் 'பிரேக்'. ஐம்பத்திரண்டு வயது ஆளை 'அவன்' என்று எழுதுவது மரியாதைக் குறைவுதான். ஆனால் அப்பா இருக்கும்வரை மகன் அவன்தான். அந்த அப்பா போர்முனையில் பதக்கம் வாங்கியவராகவும் இருந்துவிட்டால் எழுபது வயதிலும் அவன்தான். தெரு அப்பாவுக்கு 'மெடல்' என்று பெயர் வைத்திருந்தது. வீடு மெடல் வீடு. கூரியர் கொண்டு வருகிறவர்கூடக் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. மெடலுக்குப் பிரேக் பிறந்திருக்கிறது என்று தெருமுனை சலூன்காரர் ஒரு தடவை சொன்னார். அதற்குச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். கன்னத்தில் கத்தி இருந்ததால் அளவாகச் சிரித்தான்.

"ஆறாம் நம்பர் பெட்டோட மகனா?" என்றது போன். பெரிய சிஸ்டரின் குரல். "உடனே வாங்க."

"அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பா நல்லாத்தான் இருக்கார். எங்க பொண்ணுதான் நல்லா இல்ல."

விஷயம் இதுதான். காலையில் காய்ச்சல் பார்க்கப் போன சின்ன சிஸ்டர், தூங்கிக்கொண்டிருந்தவரின் தோளைத் தொட்டு, "தாத்தா, எழுந்திருங்க" என்றிருக்கிறாள். எண்பத்துமூன்று வயது, நெஞ்சு முழுக்கச் சளி, இரண்டு நாளாகத் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கப் பலமில்லாத கை. அந்தக் கை எழுந்து அவள் வாயில் விழுந்திருக்கிறது. உதட்டில் இரண்டு தையல்.

"கையைக் கட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டு ஆளோட கையெழுத்து வேணும்" என்றார் பெரிய சிஸ்டர்.

பிரேக் சரி என்றான். போனை வைத்த பிறகு, தனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. பக்கத்தில் பல் டாக்டரே இருந்தும் அதைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு இவ்வளவு போதும் டாக்டர்" என்றான்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. நான்தான்."

தப்பு அவனுடையதுதான். அட்மிஷன் படிவத்தை நிரப்பியவன் அவன். ஒவ்வாமை உண்டா, இல்லை. சர்க்கரை உண்டா, இல்லை. கடைசிக் கட்டத்தில், 'நோயாளி பற்றி வேறு ஏதேனும் சொல்ல வேண்டியது' என்று கேட்டிருந்தது. அதிலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்று ஒன்று இருப்பதாக அவனுக்கு ஞாபகமே வரவில்லை. ஐம்பது வருஷமாகக் கூடவே இருப்பது யாருக்குத்தான் ஞாபகம் வரும்? நாக்கு இருக்கிறது என்று யாரும் படிவத்தில் எழுதுவதில்லை.

மெடல் வீட்டில் தூங்குகிற அப்பாவை யாரும் தொடுவதில்லை. வாசற்படியில் நின்றுகொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பு சாத்தியிருக்கும். எப்போதோ திரைச்சீலை மாட்டியிருந்த மரக் கம்பு அது. அதை நீட்டி இரும்புக் கட்டிலின் காலில் மூன்று தட்டு. பிறகு கம்பைக் கீழே இறக்கிவிட்டு, சத்தம் போடாமல் சொல்ல வேண்டும்: "மணி ஆறு. வீடு. எல்லாரும் இருக்கோம்." அப்பா கண்ணைத் திறப்பார். கூரையைப் பார்ப்பார். "ம்" என்பார். அந்த 'ம்' வந்த பிறகுதான் உள்ளே போகலாம்.

எட்டு வயதிலிருந்து அது அவன் வேலை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தான். பத்து வயதில் வகுப்புத் தோழன் வீட்டில் ஒருநாள் தங்கினான். காலையில், விருந்தாளியாகச் சும்மா இருப்பது அழகில்லை என்று, ஒரு குடையை எடுத்துக்கொண்டு போய்த் தோழனின் அப்பா கட்டிலை மூன்று தடவை தட்டி, மணி ஆறு, வீடு, எல்லாரும் இருக்கோம் என்று அறிவித்துவிட்டான். அந்த மனிதர் அரைத்தூக்கத்தில் எழுந்து, "எல்லாரும்னா யாரு? யாருடா வந்திருக்கா?" என்று வேட்டியைத் தேடினார். தோழன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு பிரேக் யார் வீட்டிலும் தங்கவில்லை.

கல்யாணமாகி வந்த மறுநாள் அவன் மனைவி கம்பைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவை நாங்க காலைப் பிடிச்சு இழுப்போம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் பழகிக்கொண்டாள்.

பதக்கத்தோடு வந்த கடிதம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எரியும் வண்டிக்குள் தன் உயிரைத் துச்சமாக மதித்து மும்முறை நுழைந்து மூவரை வெளியே கொண்டுவந்த தீரம், என்று போகும். அவனுக்கு மனப்பாடம். அதில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வண்டிக்குள் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் இல்லை.

அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கதவில் நசுங்கிவிட்டது என்று அவள் சொல்வாள். எந்தக் கதவு என்று அவன் கேட்டதில்லை. ஒரு வயதுக்கு மேல் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் மூடியைத் திருகி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"கட்ட விடாதே" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தையல் போட்டிருக்காங்கம்மா."

"தெரியுது. வேற எதுக்கு வேணாலும் கையெழுத்துப் போடு. அதுக்கு மட்டும் வேண்டாம்." பிளாஸ்கைத் துடைத்தாள். காய்ந்திருந்த பிளாஸ்கை மறுபடியும் துடைத்தாள். "திரும்பி வந்த வருஷம் ஒருநாள் அவரே தன் கையைக் கட்டிலோட கட்டிக்கிட்டுப் படுத்தார். என் நல்லதுக்காம். காலையில பார்த்தா மணிக்கட்டுல தோல் இல்ல. தூக்கத்துலயே இழுத்திருக்கார். கட்டுத்தான் ஜெயிச்சுது. அப்புறம்தான் நான் கம்பை எடுத்தேன்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே."

"நீ கேட்கவே இல்லையே."

அவன் கதவுக்குப் பின்னாலிருந்து கம்பை எடுத்துக்கொண்டான். அம்மா பீரோவைத் திறந்து பதக்கத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏதாவது அலுவலகத்தில் காரியம் நடக்கவில்லையென்றால் மட்டும் அது வெளியே வரும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கம்பை மேலும் கீழும் பார்த்தார்.

"இது உள்ள போகாது சார்."

"நோயாளிக்குத்தான்."

"நோயாளிய அடிக்கவா?"

"எழுப்ப."

காவலாளி யோசித்தார். "எங்க வீட்டுல தண்ணி தெளிப்பாங்க" என்றார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "கம்புன்னு எழுத முடியாது. ஊன்றுகோல்னு எழுதிக்கிறேன். ஆனா ஊன்றிக்கிட்டுப் போகணும். மேலே கேமரா இருக்கு."

தன்னைவிட உயரமான ஊன்றுகோலைப் பிடித்தபடி, வராந்தா திரும்பும்வரை அவன் நொண்டினான். பின்னால் அம்மா, எண்பதை நெருங்குகிறவள், நேராக நடந்து வந்தாள்.

பெரிய சிஸ்டர் மேசையில் படிவம் தயாராக இருந்தது. பக்கத்தில் இரண்டு அகலமான துணிப்பட்டைகள், ஓரம் தைத்து, வெளுத்து, மடித்து வைக்கப்பட்டிருந்தன. பிரேக் முழுதும் சொன்னான். தட்டு, மணி, வீடு, எல்லாரும். வெளி ஆளிடம் முதல் தடவையாகச் சொல்கிறான். சொல்லும்போதுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்தது.

அம்மா பதக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியணும்ல."

"அவர் யாருன்னு எங்க பொண்ணு உதட்டுக்குத் தெரிஞ்சிடுச்சு."

அம்மா பதக்கத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். அலுவலகங்களில் இதுதான் அதற்கு முதல் தோல்வி. அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். பெரிய சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மேசையில் ஊன்றியிருந்த இடது கையைப் பார்த்தார். அந்தச் சுண்டுவிரல் மட்டும் தனியாக எதையோ சுட்டிக்கொண்டு நின்றது. இருபத்தைந்து வருஷம் எலும்பு வார்டில் இருந்தவர் அவர்.

"நாலு மணிக்கு ரத்தம் எடுக்கணும்" என்றார். "உங்க வழியிலயே எழுப்புங்க. என் பொண்ணு மேல ஒரு கீறல் விழாம எழுந்தார்னா கட்டு வேண்டாம்னு டாக்டர்கிட்ட நானே பேசறேன். விழுந்துச்சுன்னா கையெழுத்து."

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரேக் வார்டு வாசலில் இருந்தான். ஆறு கட்டில்கள். கடைசியில் அப்பா, மூக்கில் ஆக்சிஜன் குழாய், வாய் திறந்து, போர்வைக்கு வெளியே இரண்டு கைகளும். எரியும் வண்டிக்குள் மூன்று முறை போய்வந்த கைகள். இப்போது பார்த்தால் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி இருந்தன.

வாசலிலிருந்து கம்பு எட்டாது. கட்டிலுக்கு ஆறடி தூரம் வரை போய் நின்றுகொண்டான். அம்மா அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சின்ன சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தாள். கீழுதடு வீங்கி, கறுப்பு நூல் முடிச்சு இரண்டு தெரிந்தன.

கம்பை நீட்டினான். தட்டினான்.

பொத்.

வீட்டுக் கட்டில் இரும்பு. தட்டினால் ஓசை எலும்புவரை போகும். இந்தக் கட்டிலுக்குக் காலே இல்லை. ரப்பர் சக்கரம், மேலே பிளாஸ்டிக் உறை. ரொட்டியைத் தட்டியது போலிருந்தது. பொத். பொத். "மணி நாலு. வீடு. எல்லாரும் இருக்கோம்."

ஆக்சிஜன் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அசையவில்லை. மற்ற ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள்.

"கட்டிலுக்கு அடியில பாம்பா சார்?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் தையல்காரர். காலில் மாவுக்கட்டு இருந்ததால் ஓட முடியாத கவலை அவருக்கு.

"இல்ல. எழுப்புறேன்."

"எங்களையா?"

மறுபடி மூன்று தட்டு. இன்னும் பலமாக. பொத், பொத், பொத். "கொஞ்சம் ஓரமா தட்டிப் பாருங்க" என்றார் தையல்காரர். பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். கையில் படிவம் இருந்தது. சுவரில் மணி நாலு ஐந்து.

அம்மா ஸ்டூலைவிட்டு எழுந்தாள். "நீ தள்ளு" என்றாள். இடது கையை முன்னால் நீட்டியபடி கட்டிலைப் பார்த்து நடந்தாள். அந்த விரலும் முன்னால் போனது.

"நீங்க உட்காருங்கம்மா" என்றான் பிரேக்.

தைரியம் வந்து சொல்லவில்லை. அந்த விரலுக்கு இன்னொரு தடவை அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான். கம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆறடியை நடந்தான். இவ்வளவு வயதாகியும் தூங்குகிற அப்பாவை இத்தனை பக்கத்தில் அவன் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது இருப்பதே இப்போதுதான் தெரியும்.

தோளைத் தொடக் கூடாது. அது மட்டும் தெரியும். வேறு எங்கே என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் கற்க வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடிப்பார்கள். அப்போது அவர்கள் கையின் மேல் தன் கையை வைப்பான். பிடிக்க மாட்டான், திருப்ப மாட்டான், வெறுமனே வைத்திருப்பான். அதைத்தான் செய்தான். அப்பாவின் கையின் மேல் கையை வைத்தான்.

அந்தக் கை புரண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

கண் திறந்திருந்தது. ஆனால் பார்த்தது அவனை இல்லை. அவனுக்குப் பின்னால், அவனைத் தாண்டி, வார்டையும் தாண்டி வேறு யாரையோ. பிடி இறுகிக்கொண்டே போனது. தம்ளர் தூக்க முடியாத கைக்கு இது எங்கிருந்து வந்தது என்று நினைத்தான். இழுத்தால் விடாது என்று தெரிந்தது. இழுக்கவில்லை. அப்பா அவனைத்தான் எங்கிருந்தோ வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மணி நாலு" என்றான். "வீடு. எல்லாரும் இருக்கோம்."

திரும்பச் சொன்னான். திரும்பவும். குரல் நடுங்கவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அழுகை வருமோ என்று பார்த்தான், வரவில்லை. நாளைக்குப் பல் டாக்டருக்கு ரிவர்ஸ் சொல்லித்தர வேண்டும் என்று ஞாபகம் வந்தது. விரல் நுனிகள் வெளுத்தன, பிறகு நீலமாயின, பிறகு அவனுடையதாகவே இல்லாமல் போயின.

சின்ன சிஸ்டர் கட்டிலின் அந்தப் பக்கம் போய், மற்ற கையில் ஊசியை ஏற்றி, ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.

"மணி நாலு. வீடு. எல்லாரும்..."

"இது வீடு இல்லையே" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஆஸ்பத்திரி."

"அப்புறம் ஏன் வீடுங்கிற?"

"பழக்கதோஷம்."

"ம்" என்றார் அப்பா. அந்த 'ம்' வந்ததும் அம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா தலையைத் திருப்பிச் சின்ன சிஸ்டரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உதட்டுல என்னம்மா?"

"படியில விழுந்துட்டேன் தாத்தா." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

அப்பா அம்மா பக்கம் பார்த்தார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி" என்றார் அப்பா. "நம்ம வீட்டுல கதவு. இங்க படியா?"

தையல்காரர் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அப்பா மகனின் மணிக்கட்டை விட்டார். இரண்டு கைகளையும் சேர்த்து, சின்ன சிஸ்டர் முன்னால் நீட்டினார்.

"கட்டிடும்மா."

நொண்டி, கெஞ்சி, பிரேக் அப்போதுதான் ஜெயித்த வழக்கு. கட்சிக்காரரே எழுந்து எனக்கு வேண்டாம் என்கிறார். காலடியில் பிரேக் இருக்கிறதா என்று அவன் கால் தானாகத் தேடியது. தரைதான் இருந்தது.

சின்ன சிஸ்டர் நீட்டிய கைகளைப் பார்த்தாள். வாசலில் படிவத்தோடு நிற்கும் பெரிய சிஸ்டரைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் அஞ்சு பெட் இருக்கு தாத்தா" என்றாள். "கட்டுறது, அவுக்கிறது, மறுபடி கட்டுறது... அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. கையை உள்ள வைங்க, குளிரும்."

அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு போர்வைக்குள் வைத்தார். பெரிய சிஸ்டர் படிவத்தை நாலாக மடித்து மேல்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன சிஸ்டர் அம்மா மடியிலிருந்து கம்பை வாங்கினாள். கட்டில் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள். பொத். ஓரக் கம்பியைத் தட்டினாள். சரியில்லை. கட்டிலோடு சேர்த்து முடுக்கியிருந்த குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தட்டினாள்.

டங்.

அப்பா, "ம்" என்றார்.

"இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே சார்" என்றார் தையல்காரர்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் செருகியிருந்த அட்மிஷன் படிவத்தைச் சின்ன சிஸ்டர் பிரேக்கிடம் கொடுத்தாள். 'வேறு ஏதேனும் சொல்ல வேண்டியது.' எதிரில் அவன் எழுதிய இல்லை. பேனாவை வாங்கினான். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. பேனா தரையில் விழுந்து உருண்டது.

"கொடுங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"தோளைத் தொடக் கூடாது."

"அது தெரியும்" என்றாள், எழுதிக்கொண்டே.

"மூணு தட்டு. அப்புறம் மணி என்னன்னு சொல்லணும்."

"வீடுன்னும் சொல்லணுமா?"

அவன் கட்டிலைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரின்னே சொல்லுங்க. பொய் சொன்னா அவருக்குப் பிடிக்காது."

"அப்புறம்?"

"எல்லாரும் இருக்கோம்னு சொல்லணும்."

"எல்லாரும்னா? நானும் சேர்த்தியா?"

"அப்படித்தான் ஆகுது" என்றான்.

அவள் இல்லை என்பதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள். கம்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாத்தப்பட்டது. அம்மா பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றி ஆற்ற ஆரம்பித்தாள். தான் இருப்பதாகவும் அவன் சாயங்கால வகுப்புகளுக்குப் போகலாம் என்றும் சொன்னாள். அவன் கிளம்பினான்.

வாசலில் காவலாளி நோட்டைத் திறந்து விரலால் தேடினார்.

"ஊன்றுகோல் ஒண்ணு உள்ள போயிருக்கு. வெளிய வரலையே."

"உள்ளயே இருக்கட்டும்."

காவலாளி அவன் கால்களைப் பார்த்தார். பிரேக்குக்கு அப்போதுதான் உறைத்தது. நொண்ட மறந்து, வராந்தா முழுவதும் நேராக நடந்து வந்திருக்கிறான்.

"கால் சரியாயிடுச்சு போல."

"கால் பரவாயில்ல" என்றான். வலது கையைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "கைதான் மரத்துப்போச்சு."

"நல்லா உதறுங்க சார். சரியாயிடும்."

அவன் உதறவில்லை. அந்தக் கையை அப்படியே சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில், ஏதோ சிந்திவிடக் கூடாதது போல வைத்துக்கொண்டு, இடது கையால் வண்டிக் கதவைத் திறந்தான்.